சிறு மோட்டார் படகு: மூன்று ஏராவா, ஆழமான ‘வி’யா?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையில் 17 அடிக்குள் ஒரு மோட்டார் படகு வாங்கப் புறப்படுபவர், இயந்திரம் எத்தனை குதிரைத்திறன் என்று கேட்பதற்கு முன்பே ஒரு பழைய வழக்கில் சிக்கிக்கொள்வார். அடிப்பகுதி தட்டையாக, மூன்று ஏராக்களோடு (நெடுக ஓடும் அடிப்புடைப்புகளோடு) இருக்க வேண்டும் என்பார் ஒருவர். அலையைக் கிழிக்கும் ஆழமான ‘வி’ வடிவம்தான் படகு, மற்றதெல்லாம் மிதவை என்பார் இன்னொருவர். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இரு தரப்பும் ஓயவில்லை. இந்த இரண்டு வடிவங்களையும் இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தவர் ஒரே மனிதர் என்பதுதான் இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. டக்ஸ்பரி ஊரைச் சேர்ந்த ரேமண்ட் ஹன்ட், 1950களின் பிற்பாதியில், சில ஆண்டு இடைவெளிக்குள் இரண்டையும் வரைந்தார்.

ஒரே கை இரண்டையும் வரைந்திருக்கிறது என்றால், எது சிறந்தது என்ற கேள்வியில் ஏதோ விடுபட்டிருக்கிறது. சிறு படகுகளைப் பொறுத்தவரை அடிவடிவத்துக்கு நாம் அளவுக்கு மீறி மதிப்புக் கொடுக்கிறோம் என்பதே என் கட்சி. எடை, வேகம், படகு அசையாமல் நின்றபடி கழிக்கும் நேரம் ஆகிய மூன்றும் அதைவிடப் பெரிய நீதிபதிகள். ஏன் என்பதைப் படகுகளின் பிறப்பிலிருந்தே பார்க்கலாம்.

மெதுவாகப் போகும் படகு தன் எடைக்குச் சமமான நீரை விலக்கிக்கொண்டு மிதக்கிறது. வேகம் கூடக்கூட நீர் அடிப்பரப்பை மேலே தள்ளுகிறது. ஒரு கட்டத்தில் படகு தன் முன்முனையான அணியத்தைத் தூக்கி, தான் எழுப்பிய அலையின் மீதே ஏறி, நீர்ப்பரப்பில் வழுக்கத் தொடங்குகிறது. சண்டை முழுவதும் இந்த வழுக்கு நிலையைப் பற்றியது. டிரெய்லரில் ஏற்றி நிறுத்திய படகின் பின்னால் போய்க் குனிந்து பார்த்தால் விஷயம் ஒரே பார்வையில் விளங்கிவிடும். நடு ஏராவிலிருந்து பக்க விளிம்பு வரை அடிப்பரப்பு எவ்வளவு மேல்நோக்கிச் சாய்கிறதோ அதுதான் அடிச்சரிவு. தரைக்கு இணையாக இருந்தால் 0 டிகிரி. ஹன்ட்டின் ஆழமான வி 24 டிகிரி. கடைகளில் அதிகம் விற்கும் ‘திருத்திய வி’ படகுகள் பின்புறத்தில் பெரும்பாலும் 12 முதல் 18 டிகிரிக்குள் அடங்கும். முன்புறம் அதைவிடக் கூராக இருக்கும். விளம்பரப் படங்கள் அந்தக் கூர்மையான அணியத்தையே காட்டுகின்றன. வழுக்கிச் செல்லும் சிறு படகில் நீரைத் தொட்டுக்கொண்டிருப்பது பின்பாதிதான். வாங்குபவர் பார்க்க வேண்டியதும் அதைத்தான்.

தட்டையான தரப்பின் கதை ஹன்ட்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது. கனடாக்காரரான ஆல்பர்ட் ஹிக்மன் 1914இல் ‘சீ ஸ்லெட்’ என்ற படகுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் அடி, வியைத் தலைகீழாகக் கவிழ்த்த வடிவம். இரு ஓரங்களும் கீழே இறங்கியிருக்கும், நடுப்பகுதி மேலேறிக் குழிந்திருக்கும். முன்புறம் கூராகக் குவியாமல் சதுரமாக முடியும். அலை வந்து மோதும்போது நடுக் குழிவில் காற்றும் நீரும் சேர்ந்து அடைபட்டு அடியைத் தாங்கிக்கொள்ளும். 1950களில் மாசசூசெட்ஸ் தொழிலதிபர் டிக் ஃபிஷர், அப்போது புதிதாக வந்திருந்த பாலியூரிதேன் நுரையைக் கொண்டு ஒரு சிறு படகு செய்ய நினைத்தார். இரண்டு ஃபைபர் ஓடுகளுக்கு நடுவே நுரையை ஊற்றினால், அது உப்பிப் பொங்கி இரண்டையும் ஒட்டிப் பிடித்து ஒரே உடலாக்கிவிடும் என்பது அவர் எண்ணம். ஹிக்மனின் வடிவில் மாதிரிப் படகு செய்து ஓட்டிப் பார்த்தபோது, குழிவில் அடைபட்ட காற்று நேராகப் போய்ப் புரொப்பெல்லரைச் சூழ்ந்து அதன் பிடியை விடுவித்தது. அந்த நடுக் குழிவில் மூன்றாவதாக ஓர் ஏராவைச் சேர்த்து ஃபிஷரும் ஹன்ட்டும் சிக்கலைத் தீர்த்தார்கள். 1958இல் அது ‘பாஸ்டன் வேலர்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. நீளம் 13 அடி 4 அங்குலம், அகலம் 5 அடி 5 அங்குலம். எடை ஏறக்குறைய 140 கிலோ.

1961 மே மாத ‘லைஃப்’ இதழில் வந்த படங்கள் இந்தப் படகை அமெரிக்கா முழுக்க அறிமுகம் செய்தன. நீரில் மிதக்கும் 13 அடிப் படகில் ஃபிஷர் உட்கார்ந்திருக்கிறார். படகு நடுவே ரம்பத்தால் குறுக்காக அறுக்கப்படுகிறது. அறுத்து முடிந்ததும், மோட்டார் இருந்த பின்பாதியில் அமர்ந்தபடியே அவர் ஓட்டிச் செல்கிறார். வெட்டிய இடத்தில் நுரையின் வெண்மை தெரிகிறதே தவிர, படகு மூழ்கவில்லை. இந்தப் படங்கள் நுரையின் புகழைப் பாடுகின்றன என்றே பலரும் சொல்வார்கள். என் கண்ணுக்கு இன்னொன்றும் தெரிகிறது. பாதியாக அறுபட்ட பிறகும் அந்தத் துண்டு ஒரு பக்கமாகச் சாயாமல் ஓர் ஆளைச் சுமந்து நிமிர்ந்து நிற்கிறது. அந்த நிமிர்வைத் தந்தது அடியின் அகலமும் தட்டையும்.

ஆழமான வியின் பிறப்பு வேறு கடலில். 1958இல் நியூபோர்ட்டில் அமெரிக்கக் கோப்பைப் பாய்மரப் போட்டிகள் நடந்தபோது, ஹன்ட் தன் 23 அடி விசைப்படகை அலை நிறைந்த நீரில் வேகமாக ஓட்டியதை ரிச்சர்ட் பெர்ட்ராம் பார்த்தார். பாய்மரப் படகோட்டியும் படகு வியாபாரியுமான அவர், தனக்கும் அதேபோல் சற்றுப் பெரிதாக ஒன்று வரைந்து தரக் கேட்டார். அப்படிப் பிறந்த ‘மாப்பி’ 1960இல் மயாமியிலிருந்து பஹாமாஸின் நசாவுக்கு நடந்த போட்டியில் இறங்கியது. அன்று வளைகுடா நீரோட்டத்துக்கு எதிராகக் காற்று வீசிக் கடல் கொந்தளித்தது. சாம் கிரிஃபித் சுக்கான் பிடிக்க, மாப்பி ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் நசாவை அடைந்தது. இரண்டாவதாக வந்ததும் ஹன்ட் வரைந்த 23 அடிப் படகுதான், அதுவும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பிந்தி. எஞ்சியவை மறுநாள்தான் வந்து சேர்ந்தன. அடுத்த ஆண்டே அந்த வடிவம் ‘பெர்ட்ராம் 31’ என்று ஃபைபரில் உற்பத்திக்கு வந்தது. நடுப்பகுதி முதல் பின்சுவர் வரை மாறாத 24 டிகிரிச் சரிவு, நெடுக ஓடும் மெல்லிய விலா வரிகள். அந்த வரிகள் தெறிக்கும் நீரைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டுக் கொஞ்சம் தூக்குவிசையும் தரும்.

மாப்பியின் வெற்றியைச் சொல்பவர்கள் விட்டுவிடும் விஷயம் அதன் அளவு. ஏறத்தாழ முப்பது அடி நீளம், டன் கணக்கில் எடை, உள்ளே இரண்டு பெரிய இயந்திரங்கள். அந்தப் படகில் நிரூபணமான உண்மையை அப்படியே எடுத்து 140 கிலோ படகின் மேல் ஏற்ற முடியுமா? அதற்குத் தொட்டி ஆய்வுகளிடம் போக வேண்டும்.

நியூஜெர்சி ஹோபோகனில் உள்ள ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் டேவிட்சன் ஆய்வகத்தில், வழுக்கும் அடிகளைப் பற்றி நீண்ட காலம் ஆராய்ந்தவர் டேனியல் சவிட்ஸ்கி. 1964இல் அவர் வெளியிட்ட கணக்குமுறையைப் படகு வரைவாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். அடிச்சரிவு கூடக்கூடத் தூக்குவிசை குறையும், அதே எடையை அதே வேகத்தில் தாங்க அதிகத் திறன் செலவாகும் என்பதை அது எண்களாக்கியது. அதே ஆய்வகத்தில் ஜெரார்டு ஃப்ரிட்ஸ்மா 1960களின் இறுதியில் மாதிரிப் படகுகளை அலைத்தொட்டியில் இழுத்து, அலை மோதும் அதிர்ச்சியை அளந்தார். அந்த அளவீடுகளை வைத்து 1976இல் சவிட்ஸ்கியும் வார்டு பிரவுனும் ஒரு சூத்திரம் தந்தார்கள். படகின் நடுவில் உணரப்படும் சராசரி அதிர்ச்சியைத் தோராயமாகச் சொல்லும் சூத்திரம் அது.

உள்ளங்கையை விரித்துத் தண்ணீரில் அறைந்தால் சுரீரென்று எரியும், கையைப் பக்கவாட்டில் திருப்பி இறக்கினால் எரியாது. வியின் நியாயம் இவ்வளவுதான், அதைச் சூத்திரமும் ஒப்புக்கொள்கிறது. மற்றதெல்லாம் மாறாமல் அடிச்சரிவு மட்டும் 10 டிகிரியிலிருந்து 24 டிகிரிக்கு ஏறினால் அதிர்ச்சி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. இது பெரிய லாபம். ஆனால் அதே சூத்திரத்தில் வேகம் இருமடிப் பெருக்கமாக நிற்கிறது. 25 நாட் (மணிக்கு 25 கடல் மைல்) வேகத்தில் போகிற படகை 20 நாட் வேகத்துக்கு இறக்கினாலும் அதிர்ச்சி அதே மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே குறைந்துவிடும். அதாவது, 24 டிகிரி அடியை விலை கொடுத்து வாங்குபவருக்குக் கிடைக்கும் சுகத்தை, 10 டிகிரி அடி வைத்திருப்பவர் த்ராட்டிலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தே பெற்றுவிடுகிறார். ஐந்து கடல் மைல் தூரத்தில் அவர் இழப்பது மூன்று நிமிடம். அணியம் எவ்வளவு தூக்கியிருக்கிறது என்பதும் நேரடியாகக் கணக்கில் வருகிறது. மோட்டாரின் சாய்வைத் திருத்தி அணியத்தை இறக்கினால் அதற்கேற்ப அதிர்ச்சி தணியும். எடை பகுப்பானாக நிற்கிறது, கனத்த படகு குறைவாகக் குதிக்கும். 13 அடிப் படகின் நீள அகல விகிதம் இந்தச் சூத்திரத்துக்கென்று வகுத்த எல்லைக்குச் சற்று வெளியே விழும். ஆகவே எண்களைத் துல்லியமாக நம்பக் கூடாது. திசை மட்டும் தெளிவு.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வி படகின் சரிவு, படகு நிமிர்ந்து ஓடும்போது மட்டுமே முழுசாக வேலை செய்கிறது. காற்று பக்கவாட்டில் அடித்தால் வி படகு காற்றின் பக்கமே சாய்ந்து ஓடும். கனத்த ஆள் ஒருவர் ஒரு பக்கம் உட்கார்ந்தாலும் அப்படித்தான். 24 டிகிரிப் படகு 10 டிகிரி சாய்ந்தால், சாய்ந்த பக்கத்து அடிப்பரப்பு அலைக்கு 14 டிகிரியாகத்தான் தெரியும். எட்டு டன் படகில் இரண்டு பேர் இடம் மாறினால் ஒன்றும் ஆகாது. நாலைந்து பேர் ஏறிய 15 அடிப் படகில் இது அன்றாடம் நடக்கிறது. ட்ரிம் டேப் என்ற சிறு தகடுகளைப் பின்சுவரில் பொருத்திச் சரிசெய்யலாம். சிறு படகில் அதைச் செய்பவர்கள் குறைவு.

வி எடுத்துக்கொள்ளும் விலை ஓட்டத்தில் மட்டும் முடிவதில்லை. படகு நின்றதும் வேறொரு கணக்கு தொடங்குகிறது. தட்டையடிப் படகின் விளிம்புகள் எப்போதும் நீரில் இருக்கும். யாராவது ஓரத்துக்கு நகர்ந்த கணமே அந்தப் பக்கம் நீர் எதிர்த்துத் தூக்கும். ஆழமான வியின் விளிம்புகள் நின்ற நிலையில் நீரை ஒட்டியோ அதற்கு மேலேயோ இருக்கும். படகு ஒரு பக்கம் சாய்ந்து விளிம்பு நீரைத் தொட்ட பிறகுதான் எதிர்ப்பு வலுக்கும். அந்த முதல் சாய்வு ஆபத்தானது என்று சொல்ல மாட்டேன். ஆனால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்பவருக்கும், நீந்திக் களைத்து ஓரத்தைப் பிடித்து ஏறுபவருக்கும், தூண்டிலில் மாட்டிய மீனைக் குனிந்து எடுப்பவருக்கும் அது வேண்டாத சாய்வு.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஆண்டுதோறும் உல்லாசப் படகு விபத்துகளைத் தொகுக்கிறது. இறப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் மூழ்கி இறக்கிறார்கள். அப்படி மூழ்கியவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் உயிர்காப்பு உடை அணியாதவர்கள். பெரும்பாலோர் 21 அடிக்குக் குறைந்த படகுகளில் இருந்தவர்கள். ஆண்டுக்கு ஆண்டு எண்கள் கொஞ்சம் மாறினாலும் இந்த விகிதம் மாறுவதில்லை. சிறு படகில் உயிரை எடுப்பது முதுகில் விழும் அடியைவிட, கவிழ்வதும் நீர் ஏறுவதும் ஓரத்திலிருந்து தவறி விழுவதும்தான். அடிவடிவத்தைப் பற்றிப் பேசும்போது இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சட்டமும் தன் பங்குக்கு அடிவடிவத்தைப் பார்க்கிறது. 1971ஆம் ஆண்டின் கூட்டாட்சிப் படகுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழி, 20 அடிக்குக் குறைந்த ஒற்றை உடல் படகுகளில் எத்தனை பேர், எவ்வளவு எடை, எத்தனை குதிரைத்திறன் என்று எழுதிய தகடு கட்டாயம். அந்தக் குதிரைத்திறன் கணக்கில், கைப்பிடியால் நேரடியாகத் திருப்பும் சிறு படகுகளுக்கு, தட்டையடியும் கூர்மடிப்பு விளிம்பும் இருந்தால் வரம்பு குறைத்தே தரப்படுகிறது. தட்டையடிப் படகு வேகத்தில் திரும்பும்போது வழுக்கிப் பக்கவாட்டில் போகும், விளிம்பு திடீரென்று நீரைக் கவ்வினால் ஆளை வெளியே எறியும். வி படகு திருப்பத்தின் உட்பக்கம் சாய்ந்து திரும்புவதால் இந்தத் தொல்லை குறைவு. மூன்று ஏராக்கள் இந்த வழுக்கலை ஓரளவு பிடித்து நிறுத்துகின்றன. வெறும் தட்டையடிக்கும் ஹன்ட்டின் மூன்று ஏரா அடிக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு இது.

பொதுவாகப் பேசியது போதும். இந்த வழக்கை ஒரே பெயர் கொண்ட இரண்டு படகுகளில் வைத்துப் பார்ப்பதுதான் தெளிவு. பாஸ்டன் வேலர் நிறுவனத்தின் ‘மொன்டாக்’ 1970களிலிருந்து நூற்றாண்டு முடியும் வரை பழைய மூன்று ஏரா வழிவந்த அடியோடு வந்தது. நீளம் 16 அடி 7 அங்குலம், அகலம் 6 அடி 2 அங்குலம், எடை ஏறத்தாழ 950 பவுண்டு, அதாவது 430 கிலோ. 2002இல் அதன் இடத்துக்கு வந்த ‘170 மொன்டாக்’ திருத்திய வி அடி கொண்டது. நீளம் 17 அடி, அகலம் 6 அடி 10 அங்குலம், எடை 1400 பவுண்டு, அதாவது 635 கிலோ. பழையதற்கு 100 குதிரைத்திறன் வரை அனுமதி, கனமான புதியதற்கு அறிமுகமானபோது 90. இரண்டும் இன்றும் வாங்கக் கிடைக்கின்றன, பழையது கைமாறிய படகாக. நியூ இங்கிலாந்தில் ஒரு குடும்பம் முதல் படகு வாங்கும்போது இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பது மிகச் சாதாரணம்.

இந்த எண்களில் உற்று நோக்க வேண்டியது அகலம். புதிய படகு 8 அங்குலம் கூட. சாய்வை எதிர்க்கும் ஆற்றல் அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பின்பற்றும் என்பதால், இந்த 8 அங்குலம் மட்டுமே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எதிர்ப்பைக் கூட்டும். அடியில் சரிவைக் கூட்டியதால் நின்ற நிலையில் போகும் உறுதியை, வரைந்தவர்கள் அகலத்தால் மீட்டிருக்கிறார்கள். அகலம் கூடினால் அலை அறையும் பரப்பும் கூடும், அதனால் கூடுதல் எடை தரும் மென்மையில் ஒரு பகுதி போய்விடும். கூடுதல் எடையைச் சுமக்கக் கூடுதல் எரிபொருள், கூடுதல் இழுவை. படகில் எதுவும் இலவசமாகக் கிடைப்பதில்லை என்பதை இந்த இரண்டு மொன்டாக்குகளின் அளவுப் பட்டியலே காட்டிவிடுகிறது. அலையில் புதியது மென்மை என்று இரண்டையும் ஓட்டியவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் அந்த மென்மையில் எவ்வளவு சரிவால் வந்தது, எவ்வளவு 200 கிலோவால் வந்தது என்று பிரித்துச் சொல்ல இருக்கையில் உட்கார்ந்திருப்பவரால் முடியாது.

இனி நீருக்கு வருவோம். ஹன்ட் வாழ்ந்த டக்ஸ்பரி விரிகுடா ஒரு நீண்ட மணல் திட்டுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது. ஓதம் பத்தடி உயரம் வரை ஏறி இறங்கும். வற்றத்தில் விரிகுடாவின் பெரும்பகுதி சேற்றுத் திட்டுகளாக வெளியே வந்துவிடும். சிப்பி வளர்ப்பவர்கள் தட்டையடிப் படகுகளில்தான் அங்கே வேலை செய்கிறார்கள். ஒரு சாண் ஆழத்தில் மிதக்கும் படகுக்கும் ஒன்றரைச் சாண் வேண்டும் படகுக்கும் அங்கே உள்ள வித்தியாசம், வீடு திரும்புவதா அடுத்த ஏற்றம் வரை சேற்றில் காத்திருப்பதா என்பது. அதே மணல் திட்டைச் சுற்றி வெளியே வந்தால் திறந்த கடல். ஒரே ஊர்க்காரர் இரண்டு அடிகளையும் வரைந்ததில் வியப்பில்லை, அவர் வாசலில் இரண்டு நீர்களும் இருந்தன.

தெற்கே பஸ்ஸர்ட்ஸ் விரிகுடா வேறு குணம். தென்மேற்கைப் பார்த்துத் திறந்திருக்கும் ஆழம் குறைந்த நீர். கோடைப் பிற்பகலில் தென்மேற்குக் காற்று நாள் தவறாமல் 15, 20 நாட் வேகத்தில் எழும். கேப் காட் கால்வாயிலிருந்து வெளியேறும் நீரோட்டம் அந்தக் காற்றை எதிர்த்துச் சந்திக்கும் நேரத்தில், கால்வாயின் மேற்கு வாயில் அலைகள் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் நிற்கும். காலையில் கண்ணாடியாக இருந்த நீரில் கிளம்பிய குடும்பம் மாலையில் இதற்குள் திரும்பி வர வேண்டியிருக்கும். மூன்று ஏரா அடியின் உண்மையான பலவீனம் இங்கே வெளிப்படும். ஏராக்களுக்கு நடுவே உள்ள குழிவுகளுக்குள் நெருக்கமான அலை வந்து அறையும், அங்கிருந்து தெறிக்கும் நீரைக் காற்று நேரே முகத்தில் கொண்டுவந்து கொட்டும். வேகத்தைக் குறைத்தால் அறை நிற்கும், நனைவது நிற்காது. பஸ்ஸர்ட்ஸில் வாரந்தோறும் போய்வருபவருக்கு நான் தட்டையடியைப் பரிந்துரைக்க மாட்டேன். பின்னலையில் மட்டும் நிலைமை கொஞ்சம் மாறும். அகன்ற அணியம் கொண்ட மூன்று ஏராப் படகு முன்னலையின் முதுகில் எளிதில் புதையாது. முன்புறம் மிகக் கூரான படகு அங்கே மூக்கை நுழைத்து ஒரு பக்கமாகத் திரும்பப் பார்க்கும்.

நியூ ஹாம்ப்ஷயரின் வின்னிபெசாக்கி போன்ற ஏரிகளில் காற்றலையைவிடப் பிற படகுகள் எழுப்பும் அலைகளே தொல்லை. வார இறுதியில் எல்லாத் திசையிலிருந்தும் வரும். அங்கே எந்த அடிவடிவமும் எல்லா அலையையும் கூர்முனையால் சந்திக்க முடியாது. மற்றபடி, நீந்துவது, நங்கூரமிட்டுச் சாப்பிடுவது, தீவு தீவாக மெல்லப் போவது என்று நாளில் பெரும்பகுதி நின்ற படகில் கழியும். 1960, 70களில் மூன்று ஏரா வடிவம் ஏரிகளில் அவ்வளவு பரவியதற்குக் காரணம் அதன் அகன்ற முன்புறம். அங்கே இருக்கை போட்டு மூன்று பேரை உட்கார வைக்க முடிந்தது.

இரண்டுக்கும் நடுவே வழி தேடியவர்களும் உண்டு. வேல்ஸின் அட்லாண்டிக் கல்லூரியில் 1960களில் அதன் தலைமையாசிரியர் டெஸ்மண்ட் ஹோரும் மாணவர்களும் ஆழமான வி அடியைச் சுற்றிக் காற்றடைத்த குழாய்களைப் பொருத்திப் பார்த்தார்கள். ஓடும்போது வி நீரில் இருக்கும், நின்றதும் குழாய்கள் நீரில் இறங்கித் தாங்கும். அதிலிருந்து பிறந்த படகுகள்தான் இன்று உலகமெங்கும் உயிர்காக்கும் பணியில் இருக்கின்றன. அந்தக் காப்புரிமையை ஹோர் பிரிட்டனின் உயிர்காப்புப் படகு நிறுவனத்துக்கு ஒரு பவுண்டுக்குக் கொடுத்தார். ஆஸ்திரேலிய, நியூசிலாந்து அலுமினியப் படகுகள் சிலவற்றில் ஏராவுக்கு மேலே ஒரு வெற்றறை இருக்கும். படகு நின்றதும் அதில் நீர் நிரம்பி அடியைத் தாழ்த்தி உறுதி தரும். கிளம்பியதும் நீர் பின்வழியே வெளியேறிவிடும். இரண்டுமே நல்ல தீர்வுகள். குழாய் வெயிலில் மூப்படையும், உள்ளிடத்தையும் தின்னும் என்பதைத் தவிர முதலாவதில் நான் குறை காணவில்லை.

ஆனாலும் ஆழமான வி இருந்தால் முதுகு தப்பிவிடும் என்ற நம்பிக்கையை ஒரு விபத்து உடைக்கிறது. 2008இல் பிரிட்டனின் பிரிஸ்டல் கால்வாயில் உல்லாசச் சவாரி போன ஒரு குழாய்ப் படகில் பயணி ஒருவரின் முதுகெலும்பு நொறுங்கியது. பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு அதை விசாரித்து அறிக்கை தந்தது. இந்த வகைச் சவாரிகளில் முதுகெலும்புக் காயம் தொடர்ந்து நடப்பது. அணியத்தை ஒட்டிய இருக்கையில் அதிர்ச்சி மிக அதிகம், அங்கே உட்கார்ந்தவருக்கு அலை வருவதும் முன்கூட்டித் தெரியாது, த்ராட்டிலும் அவர் கையில் இல்லை. எந்த அடியானாலும் முதியவர்களையும் குழந்தைகளையும் பின்பாதியில் உட்கார வைத்து, ஓட்டுபவர் வேகத்தைக் குறைப்பது ஒன்றே மருந்து.

கரையில் நடப்பதையும் விட்டுவிடக் கூடாது. 170 மொன்டாக் மோட்டார், எரிபொருள், டிரெய்லரோடு சேர்ந்தால் 1,100 கிலோவைத் தாண்டும். சிறிய எஸ்யூவி வண்டிகள் பலவற்றின் இழுவை வரம்பு 1500 பவுண்டு, 680 கிலோதான். பழைய மொன்டாக்கே அதற்கு மேல். 13 அடி வேலர் தாராளமாக அடங்கும். வீட்டில் இருக்கும் வண்டி இழுக்கும் படகு ஒவ்வொரு வாரமும் நீரில் இறங்கும், பெரிய வண்டி வாங்கிய பிறகுதான் இழுக்க முடியும் படகு முற்றத்தில் தார்ப்பாய்க்குள் கிடக்கும். இதை அடிவடிவ விவாதத்தில் யாரும் சேர்ப்பதில்லை.

பழைய மூன்று ஏராப் படகு வாங்குபவருக்கு இரண்டு விஷயம். முதலாவது, அந்தப் படகுகள் டூ-ஸ்ட்ரோக் இயந்திரங்களின் காலத்தில் வரையப்பட்டவை. இன்றைய ஃபோர்-ஸ்ட்ரோக் இயந்திரம் அதே திறனுக்குக் கூடுதல் கனம். பின்சுவரில் தொங்கும் அந்தக் கூடுதல் கனத்தால் படகின் பின்புறம் அமிழ்ந்து, தளத்து நீர் வெளியேற வேண்டிய துளை வழியே நீர் உள்ளே வரும். அனுமதித்த உச்சத் திறனுக்குப் போகாமல், எடை குறைந்த இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இரண்டாவது, ஃபிஷரின் நுரை. யாரோ எப்போதோ போட்டு மூடாமல் விட்ட திருகாணித் துளைகள் வழியே பல ஆண்டுகள் நீர் இறங்கினால் அந்த நுரையும் ஊறும், ஊறிய நுரை எளிதில் காயாது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. படகை டிரெய்லரோடு எடைமேடைக்குக் கொண்டுபோய் நிறுத்தி, டிரெய்லரையும் மோட்டாரையும் கழித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நிறுவனம் சொன்ன எடைக்கு மேல் 50 கிலோ, 100 கிலோ நின்றால் அது நீர். அந்தப் படகின் விலையைப் பற்றிப் பேசுவதே வீண்.

15 அடிக்குள் என்றால் நான் தயங்காமல் மூன்று ஏரா அடியின் பக்கம். அந்த அளவிலும் எடையிலும் ஆழமான வி தன் குணத்தைக் காட்ட முடியாது, நின்ற நிலையில் அது எடுத்துக்கொள்வது மட்டும் மிஞ்சும். 17 அடியில் வீட்டருகே உள்ள நீர்தான் முடிவு செய்ய வேண்டும். டக்ஸ்பரி போன்ற உள்விரிகுடாவுக்கும் ஏரிக்கும் பழைய மொன்டாக், பஸ்ஸர்ட்ஸைக் கடந்து தீவுகளுக்குப் போகிறவருக்குப் புதியது. 20 அடிக்கு மேல் போய்விட்டால் ஹன்ட்டின் 24 டிகிரியோடு எனக்கு வாதமே இல்லை.

விற்பவர் சோதனை ஓட்டத்துக்குக் காலை ஏழு மணிக்கு வரச் சொன்னால், மாலை மூன்று மணிக்கு மாற்றிக் கேளுங்கள். தனியாகப் போகாமல், அந்தப் படகில் வழக்கமாக ஏறப்போகும் அத்தனை பேரையும் கூட்டிப் போங்கள். எரிபொருள் தொட்டி நிரம்பியிருக்கட்டும். அலையை எதிர்த்து, அலையோடு, அலைக்குக் குறுக்கே என்று மூன்று விதமாகவும் உங்களுக்குப் பழக்கமான வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகு இயந்திரத்தை அணைத்துவிட்டு, உயிர்காப்பு உடை போட்ட பெரியவர்கள் இருவரை ஒரே பக்க ஓரத்துக்கு வரச் சொல்லுங்கள். விளிம்புக்கும் நீருக்கும் நடுவே எத்தனை விரற்கடை மிஞ்சுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். விலை பேசுவது அதற்குப் பிறகு.